ஹீமோபிலியாவும் மரபணுச் சிகிச்சையும்

“சிறிது அடிபட்டாலும் மகனின் முழங்கால் வீங்கிவிடுகிறது. ஒரே சிகிச்சையில் குணமாக்கும் முறை வந்துவிட்டதாமே?” என்று உசிலம்பட்டிப் பகுதிப் பெற்றோர் எங்களிடம் வினவுகின்றனர். அவர்களுக்கு விடையாக இதனை எழுதுகிறோம்.

நோயின் காரணம்

இரத்தம் உறைவதற்குப் பல புரதங்கள் தேவை. அவற்றுள் ஒன்றான ‘ஃபேக்டர் எட்டு’ என்பதை உருவாக்கும் மரபணு பழுதுபட்டால் ஹீமோபிலியா ஏ உண்டாகிறது. அம்மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், பெரும்பாலும் ஆண்களே பாதிக்கப்படுகின்றனர். இது தாயின் குற்றமன்று. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு எவருக்கும் இந்நோய் இருந்திராது.

வேலூரில் நிகழ்ந்தது

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், கடுமையான ஹீமோபிலியா ஏ உடைய ஐந்து பெரியவர்களுக்கு மரபணுச் சிகிச்சை அளித்து, அதன் முடிவுகளை 2024 டிசம்பரில் வெளியிட்டனர். முதலில் நோயாளியின் இரத்தத்திலிருந்தே குருத்தணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டன. நோய் உண்டாக்கும் திறன் நீக்கப்பட்ட வைரஸ் ஒன்றின் வழியே, பழுதற்ற மரபணு அவற்றுள் செலுத்தப்பட்டது. பின்னர் வீரியமிக்க மருந்துகளால் எலும்பு மஜ்ஜையில் இடம் ஏற்படுத்தி, அக்குருத்தணுக்களை மீண்டும் உடலில் ஏற்றினர். அவற்றிலிருந்து தோன்றும் இரத்த அணுக்கள் ஃபேக்டரைச் சுரக்கலாயின. ஐவரையும் கண்காணித்த, மொத்தம் 81 மாதக் காலத்தில் எவருக்கும் இரத்தக்கசிவு ஏற்படவில்லை.

நினைவிற்கொள்ள வேண்டியவை

ஐவரிடம் கண்ட பயன் பெரிது. எனினும் இது ஆய்வுநிலைச் சிகிச்சையே. அந்த மருந்துகளால் இரத்த அணுக்கள் சில காலம் மிகவும் குறையும். அப்போது நோய்த்தொற்று அபாயம் உண்டு. மேலும், மாற்றம் இரத்த அணுக்களில் மட்டுமே நிகழ்கிறது. ஆகவே சிகிச்சை பெற்றவரின் மகள்கள் முன்போலவே பழுதுபட்ட மரபணுவைப் பெறுவர். “குருத்தணு ஊசியால் குணமாக்குவோம்” எனப் பணம் கேட்போரிடம் ஏமாறாதீர்கள். முதலில் உங்கள் மருத்துவரைக் கலந்து பேசுங்கள்.

இன்று செய்ய வேண்டியவை

• அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாக அளிக்கப்படுகிறது. அதனை நிறுத்தாதீர்கள்.
• மூட்டில் வலியோ கூச்சமோ தோன்றியவுடன் ஃபேக்டர் செலுத்துங்கள்; வீக்கம் வரும்வரை காத்திராதீர்கள்.
• தலையில் அடிபட்டால், வெளியே காயமில்லாவிடினும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.
• ஆஸ்பிரின் தவிர்க்கவும். பல் பிடுங்குமுன் மருத்துவரிடம் நோயைத் தெரிவிக்கவும்.

புதிய சிகிச்சை பரவலாகும் நாளில் உங்கள் மகனின் மூட்டுகள் நலமாக இருக்க வேண்டும். அதற்கான காவல் இன்றைய ஃபேக்டரே.