அமானிதப் பிள்ளை



நாம் வியாபாரிகள். அமானிதம் என்ற சொல்லின் பொருளை எவரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஊருக்குப் புறப்படும் ஒருவர் தம் பெட்டியை நம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போனால், அது நம் கடையில் இருக்கும். ஆனால் நம் சரக்கு ஆகாது. அதைத் திறக்க மாட்டோம், விற்க மாட்டோம், மழை ஒழுகும் மூலையில் போடவும் மாட்டோம். அவர் திரும்பி வந்து கேட்கும் நாளில் பத்திரமாக எடுத்துக் கொடுப்போம். இம்மாதப் பாடமும் அமானிதத்தைப் பற்றியதுதான். ஆனால் பெட்டியன்று, பிள்ளை.

சிங்கப்பூரில் 1956-ஆம் ஆண்டு முதல் பிள்ளைகளுக்கான வளர்ப்புப் பராமரிப்புத் திட்டம் ஒன்று நடந்து வருகிறது. இன்று அதை நடத்துவது சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு. சொந்த வீட்டில் அடியும் உதையும் பட்ட பிள்ளைகள், கவனிப்பாரற்றுப் போனவர்கள், கைவிடப்பட்டவர்கள், பெற்றோர் நோயிலோ சிறையிலோ இருப்பதால் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள் ஆகிய 18 வயதுக்குட்பட்டோரை, அனுமதி பெற்ற குடும்பங்களிடம் ஒப்படைத்து வளர்க்கும் ஏற்பாடு இது. இவர்களில் பலர் எத்தீம்கள் அல்லர். தாய் தந்தை உயிரோடிருந்தும் எத்தீமைப்போல் நிற்பவர்கள்.

என் மகள் மணமாகிப் போனபின் எங்கள் வீட்டில் ஓர் அறை காலியாயிற்று. என் இல்லாள் இத்திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்து, "நாமும் எழுதிப் போட்டால் என்ன?" என்றாள். அப்போது என் மனத்தில் மூன்று சந்தேகங்கள் எழுந்தன. உங்களுக்கும் அவையே எழலாம். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற் சந்தேகம்: நன்மை செய்ய முன்வருகிறவன் வீட்டை அதிகாரிகள் ஏன் சோதிக்க வேண்டும்?

விண்ணப்பம் செய்தால் அதிகாரிகள் வீட்டுக்கு வருவார்கள். கணவன் மனைவியை மட்டுமன்று, வீட்டிலுள்ள எல்லாரையும் கண்டு பேசுவார்கள். குணநலன், உடல்நலம், வருமானம் எல்லாம் விசாரிக்கப்படும். பயிற்சி வகுப்புக்கும் போக வேண்டும். "நான் என்ன திருடனா?" என்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. பிறகு என் கடையை நினைத்துப் பார்த்தேன். உணவுப் பொருள் விற்க லைசென்ஸ் கேட்டபோது அதிகாரி வந்து அடுக்களை, சாக்கடை, எலிப்பொந்து வரை பார்த்தார். அதை அவமானமென்று நான் எண்ணவில்லையே! ஊரார் வயிற்றுக்குள் போகும் பண்டத்துக்கு அத்தனை சோதனை என்றால், ஏற்கெனவே ஒரு வீட்டில் அடிபட்டு வந்த பிள்ளைக்கு எத்தனை சோதனை வேண்டும்? திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம், எத்தீம்களின் சொத்தை அவர்களிடம் ஒப்படைக்கும் நாளில் சாட்சிகளை வைத்துக்கொள்ளும்படி கட்டளையிடுகிறது. பொருளுக்கே சாட்சி வேண்டுமென்றால் பிள்ளைக்கு வேண்டாமா?

இரண்டாம் சந்தேகம்: வளர்க்கும் பிள்ளையை என் பிள்ளையென்று சொல்லிக்கொள்ளலாமா?

என் பெயரையே அவனுக்கு வைத்துவிடலாம் என்று நான் ஆசையாய் நினைத்தேன். சிறுவயதில் ஓதிய பாடம் மறந்துபோயிருந்தது. எங்கள் பள்ளிவாசல் ஆலிம்ஷா நினைவூட்டினார். ஜைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்கள் சிறுவயதில் பிடிக்கப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவர்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்களிடமிருந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து சேர்ந்தார்கள். தகப்பனாரும் சிறிய தகப்பனாரும் தேடி மக்கா வந்தபோது, முடிவை நாயகம் (ஸல்) அவர்கள் ஜைதிடமே விட்டார்கள். ஜைத் நாயகத்தை விட்டுப் போக மறுத்தார்கள். அதுமுதல் மக்கள் அவரை முஹம்மதின் மகன் ஜைத் என்றே அழைத்தார்கள். பின்னர் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4, 5-ஆம் வசனங்கள் இறங்கின. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தகப்பன் பெயராலேயே அழைக்க வேண்டும். தகப்பன் யாரெனத் தெரியாவிட்டால் அவர்கள் மார்க்கச் சகோதரர்கள் என்பது அவ்வசனங்களின் கருத்து. பெயர் மாறிற்று, பாசம் மாறவில்லை. படைக்குத் தலைமை தாங்கும் பொறுப்பை நாயகம் (ஸல்) அவர்கள் ஜைதுக்கு அளித்தார்கள். அவர் மகன் உஸாமாவுக்கும் அளித்தார்கள்.

இத்திட்டத்தின் முறையும் இதனோடு ஒத்துப் போகிறது. ஒப்படைக்கப்படும் பிள்ளை தன் சொந்தப் பெயரோடும் தகப்பன் பெயரோடுமே நம் வீட்டில் வளர்கிறது. தத்து வேறு, இது வேறு. பராயிள் சட்டப்படி வளர்ப்புப் பிள்ளைக்குப் பங்கு கிடையாது. ஆனால் நம் பொருளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வஸிய்யத் எழுதி வைக்கத் தடையில்லை. இன்னொன்றும் கவனிக்க. பால்குடி உறவு ஏற்பட்டாலன்றி, வளர்த்ததனால் மட்டும் மஹ்ரம் ஆகிவிடுவதில்லை. பிள்ளை பருவமடையும்போது அறை, உடை, பழக்கவழக்கம் எல்லாவற்றிலும் பேணுதல் வேண்டும். ஆகவே ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா, எந்த வயது என்பதைக் குடும்பத்தாரோடும் ஆலிம்களோடும் முதலிலேயே பேசித் தெளிய வேண்டும்.

மூன்றாம் சந்தேகம்: திரும்ப வாங்கிக்கொள்ளப் போகும் பிள்ளைக்கு ஏன் பாடுபட வேண்டும்?

இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. பெற்றவர்கள் நிலை சீர்பட்டால் பிள்ளை அவர்களிடமே திரும்ப வேண்டும் என்பது இத்திட்டத்தின் நோக்கம். இடையிலும் பெற்றோர் வந்து பார்ப்பதுண்டு. எங்கள் கடைக்கு வாடிக்கையாக வரும் அம்மையார் ஒருவர் ஒரு சிறுமியை மூன்று ஆண்டு வளர்த்தார். தாய்க்கு உடல் தேறி வேலையும் கிடைத்தபின் சிறுமி திரும்பிப் போயிற்று. "வருத்தமாக இல்லையா?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "அழுதேன் நானா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவ உம்மாவைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கிட்டா. அதைப் பார்க்கத்தானே இத்தனை நாளும் வளர்த்தேன்!"

அன்று கல்லாவில் உட்கார்ந்திருந்த எனக்குப் பில் போடக் கை ஓடவில்லை. அமானிதத்தை நாற்பது ஆண்டாக நாவால் சொல்லி வந்தவன் நான்; செய்து காட்டியவர் அவர்.

இனி, முன்வர விரும்புவோர் அறிய வேண்டியவை: விண்ணப்பிப்போர் சிங்கப்பூரில் வசிப்பவராகவும் குறைந்தது 25 வயதானவராகவும் இருக்க வேண்டும். மணமானவர்களாயிருப்பது விரும்பத்தக்கது. உயர்நிலைக் கல்வி, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் உடல்நலம், நிலையான வருமானம், தக்க வீட்டுச் சூழல் ஆகியவை எதிர்பார்க்கப்படுகின்றன. பிள்ளையின் செலவுக்கென மாதந்தோறும் ஒரு தொகை தரப்படுகிறது. அது பிள்ளையின் பணம், நம் வருமானமன்று. அதற்குத் தனிக் கணக்கு வைப்பது நமக்குப் பழகிய வேலைதானே! சமூக ஊழியர்கள் தொடர்ந்து வந்து உதவுவார்கள். அமைச்சோடு சேர்ந்து இப்பணியைச் செய்யும் அமைப்புகளும் உண்டு. 1952-இல் தோன்றிய பி.பி.ஐ.எஸ். என்னும் முஸ்லிம் பெண்கள் சங்கம் அவற்றுள் ஒன்று. எனவே நம் மார்க்க வழக்கம் தெரிந்தவர்களிடமே சந்தேகங்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

என் படிப்பு மதரஸாவும் தொடக்கப்பள்ளியும் மட்டுமே. விண்ணப்பத் தாளில் கல்வி என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. "உள்ளதை எழுதுங்கள், பிள்ளையைக் கேட்கும்போதே பொய்யில் தொடங்கலாமா?" என்றாள் உயர்நிலைப் பள்ளி முடித்த என் இல்லாள். உள்ளதையே எழுதிக் கொடுத்தோம். பதில் இன்னும் வரவில்லை. எங்களுக்குக் கிடைக்காமற் போனாலும், படிப்பும் இடமும் உடைய உங்களில் ஒருவருக்குக் கிடைக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

எத்தீம்கானாவுக்கு நாம் அரிசி மூட்டை அனுப்புகிறோம். நோன்புக் காலத்தில் துணியும் அனுப்புகிறோம். நல்லதுதான். ஆனால் தந்தை முகம் காணாமல் பிறந்து, ஆறு வயதில் தாயையும் எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்த நம் நாயகம் (ஸல்) அவர்களை அபூதாலிப் அவர்கள் மூட்டை அனுப்பி வளர்க்கவில்லை. பிள்ளைகள் நிறைந்த தம் வீட்டிலேயே வைத்து வளர்த்தார்கள். எத்தீமைப் பொறுப்பேற்று வளர்ப்பவரும் தாமும் சுவனத்தில் இரு விரல்கள் போல் அருகருகே இருப்போம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விரல்களைக் காட்டிச் சொன்ன செய்தி நாம் அனைவரும் அறிந்ததே.

இன்றிரவு கடையடைத்து வீடு திரும்பியதும், காலியாயிருக்கும் அறை ஏதேனும் உண்டா என்று ஒருமுறை பாருங்கள். பிறகு வீட்டிலுள்ளவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

அமானிதத்தைப் பேணிக் காத்து, உரிய நாளில் முகமலர்ச்சியோடு திருப்பிக் கொடுக்கும் மனத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.