எந்தத் தகவலை நம்புவது?

கேள்வி: கல்லூரி ப்ராஜெக்டுக்கு முல்லைப் பெரியாறு அணை பற்றி எழுதுகிறேன். ஆளுக்கொரு தகவல் சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: முதலில் தலைப்பைச் சுருக்குங்கள். 'அணையின் வரலாறு' என்று இறங்கினால் கரை சேர மாட்டீர்கள். '1895இல் திறக்கப்பட்ட அணை மதுரைப் பாசனத்தை எப்படி மாற்றியது?' என ஒரே கேள்வியாக்குங்கள். பிறகு ஒவ்வொரு தகவலையும் யார், எப்போது, எதைப் பார்த்து எழுதினார் என்று விசாரியுங்கள். அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக் தன் சொத்தை விற்று அதை முடித்தார் என்று பத்துப் பேர் எழுதியிருக்கலாம்; பத்துப் பேரும் ஒருவரையே பார்த்து எழுதியிருந்தால் அது ஒரே சான்றுதான். அணைத் திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் மெக்கன்சியின் 1899ஆம் ஆண்டு நூலையும், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள அரசாணைகளையும் ஒப்பிடுங்கள். மெக்கன்சியும் அரசு ஊழியரே. எனவே விவசாயிகளின் தரப்பை வேறிடத்தில் தேடுங்கள். ஆதாரம் கிடைக்காததைக் 'கூறப்படுகிறது' என்றே எழுதுங்கள். மதிப்பெண் குறையாது.