குரங்கணி வழி வேண்டாம்

போடிநாயக்கனூர்
மாசி 12

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். சென்னையிலிருந்து காரிலேயே மூணாறு போகிறீர்கள், வழியில் குரங்கணியில் வண்டியை விட்டுவிட்டுக் கொழுக்குமலைக்கு நடந்தே ஏறிக் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறீர்கள் என்று உன் அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். உன் அப்பா ஏலத்தோட்டத்துப் பங்கை விற்றுவிட்டு இறங்கிய பிறகு நம் வீட்டுப் பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. உனக்காவது மலை ஏறத் தோன்றியதே. அந்தப் பேச்சை இப்போது விட்டுவிடுவோம்.

பங்குனி முதல் வாரம் என்று அவள் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது.

இதே பருவத்தில்தான் அது நடந்தது: 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. அன்று நீ பள்ளிக்கூடப் பிள்ளை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணி பக்கம் இறங்கிக்கொண்டிருந்தவர்களைத் தீ சுற்றி வளைத்தது. அங்கேயும், பிறகு ஆஸ்பத்திரிகளிலுமாக 23 பேர் போனார்கள். மீட்புக்கு விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது. போனவர்களில் பலர் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்த இளவயதுப் பிள்ளைகள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களும் இருந்தார்கள். உன்னை நினைக்கும்போதெல்லாம் அந்த ஞாயிறு வந்து நிற்கிறது, என்ன செய்ய?

அந்தச் சரிவில் பெரும்பகுதி மரம் கிடையாது, புல்தான். ஆள் உயரத்துக்கு வளரும். மாசி பிறந்தால் வைக்கோலாகக் காய்ந்துவிடும். வெயில் ஏற ஏறப் பள்ளத்துக் காற்று மேல்நோக்கி வீசும். கீழே பற்றிய தீ, தனக்கு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டு ஏறும். அதற்கு முன்னால் மனிதன் மேட்டில் ஓடி ஜெயிக்க முடியாது. ஆனால் பயம் மேலே ஓடச் சொல்லும், இல்லையென்றால் பள்ளத்தில் குதிக்கச் சொல்லும். ஏற்கெனவே எரிந்து கருகிய தரையோ, புல் இல்லாத பாறையோதான் பிழைக்கிற இடம். அது எங்கே இருக்கிறது என்று நின்ற இடத்திலேயே சொல்ல அந்த மலையில் பிறந்த ஒருவர் உங்களோடு இருக்க வேண்டும். நான் எத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன்! ஆள் சேர்த்துக் கூட்டிவருகிறவர்கள் கையில் செல்போன் வரைபடம் இருந்தால் போதும் என்கிறார்கள். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த முதுவாக்குடிக்காரர் ஒருவருக்கு ஒருநாள் கூலி கொடுக்க மனசு வருவதில்லை. அவர் புகை வாசனையை வைத்தே தீ எந்தப் பக்கம் என்று சொல்வார். அந்த அறிவுக்குக் காசு கொடுக்கக் கணக்குப் பார்க்கிற குழுவோடு நீ போகவே கூடாது.

அந்தத் தீக்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 தடங்களை வழிகாட்டியோடு திறந்துவிட்டது. குரங்கணி–சாம்பலாறு அதில் ஒன்று. தீக்காலத்தில் தடங்களை மூடிவைக்கிறார்கள். “அனுமதி எல்லாம் பார்த்துக்கலாம்” என்று உன்னோடு வருகிற பையன் சொன்னானாமே, அவனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. நைலான் கூடாரமும் நைலான் சட்டையும் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதையும் சொல்.

நீ படித்த பெண், முடிவு உன்னுடையது. தை மாதம் வந்தால், மழை ஓய்ந்து புல் பச்சையாக இருக்கும்போது, வனத்துறைத் தடத்தில் நானே பதிவு செய்து தருகிறேன். இல்லை, இப்போதே போக வேண்டுமென்றால் காரிலேயே போடிமெட்டு ஏறுங்கள். 17 கொண்டை ஊசி வளைவு. பகலில் ஏறுங்கள், எதிரே வருகிற லாரியோடு போட்டி வேண்டாம். கொழுக்குமலை நம் தேனி மாவட்டம்தான், ஆனால் வண்டிப் பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். அங்கிருந்து ஜீப் மட்டும்தான் ஏறும். விடியுமுன் கிளம்பினால் மேகத்துக்கு மேலே சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு, பழைய தேயிலைத் தொழிற்சாலையையும் சுற்றிப் பார்க்கலாம். தெரிந்த ஜீப்காரரிடம் சொல்லி வைத்துவிட்டேன். சூரியநெல்லியில் உங்கள் ஐந்து பேருக்கும் அறையும் பேசிவிட்டேன். நீ வேண்டாம் என்றால் ஒரு போனில் நிறுத்திவிடலாம்.

ரொம்பப் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே தாயி. நம் குடும்பத்தில் உன்னைப் போல் தைரியமான பிள்ளை இல்லை என்று எல்லோரிடமும் சொல்கிறவன் நான்தான். முதல்நாள் ராத்திரி நம் வீட்டில் தங்குங்கள். பெரியம்மா நாட்டுக்கோழி சொல்லி வைத்திருக்கிறாள். கம்பளி, ஸ்வெட்டர் எல்லாம் வெயிலில் போட்டு எடுத்துவிட்டாள். அந்தப் பையனுக்கும் சேர்த்துத்தான். டீசல் செலவு என்னுடையது. தேனி தாண்டியதும் ஒரு போன் போடு, சாலைப் பிள்ளையார் கோயில் முக்கில் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா