கூரைப் பீலியைக் கவனிப்போம், குடியிருப்பைக் காப்போம்

பீலி என்றதும் மலையகத்தவருக்கு முதலில் நினைவுக்கு வருவது பீலிக்கரைதான். ஊற்று நீர் விழும் இடத்தில் குளித்து, துவைத்து, குடம் நிரப்பிப் பழகியவர்கள் நாம். இந்தப் பாடத்தில் நாம் படிக்கப்போவது வேறொரு பீலியைப் பற்றி. கூரையின் ஓரத்தில் விழும் மழைநீரை வாங்கி, ஒரு பக்கமாகக் கொண்டுபோய் விடும் கூரைப் பீலி அது. கவனிக்காமல் விட்டால் இந்தச் சின்னப் பொருள் வீட்டுச் சுவரையும், வீடு நிற்கும் மண்ணையும், பிள்ளைகளின் உடல்நலத்தையும் கெடுத்துவிடும்.

கம்பளை, உலப்பனை, புசல்லாவை, நாவலப்பிட்டி, தொலஸ்பாகைப் பக்கங்களில் இடம்பெயர்ந்து வந்து குடியேறிய விவசாயக் குடும்பங்கள் பல. மண்சரிவில் வீட்டை இழந்தவர்கள் உண்டு. லயத்தை விட்டு வெளியேறியவர்களும் உண்டு. இவர்களுக்குக் கிடைக்கும் காணி பெரும்பாலும் சரிவான காணி. சுற்றிலும் சவுக்கு, பலா, முள்ளுமுருங்கை, கித்துள், மூங்கில் என்று மரங்கள். மரங்கள் நிழல் தருகின்றன, மண்ணைப் பிடிக்கின்றன. அதே மரங்கள்தான் கூரையில் இலையையும் சருகையும் கொட்டுகின்றன. எனவே மரத்தடியில் வீடு கட்டியவர், பீலி துப்புரவு செய்வதையும் வீட்டு வேலைகளில் ஒன்றாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கூரையில் விழும் நீர் எவ்வளவு?

ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் நீர் சேரும். இதை மனதில் வைத்து ஒரு கணக்குப் போடுவோம். 20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள ஒற்றைச் சாய்ப்புக் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மீற்றர். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்தக் கூரையிலிருந்து 2800 லீற்றர் நீர் வடியும். அதாவது 200 லீற்றர் பரல் 14 நிறையும். பீலி சரியாக இருந்தால் இந்த 14 பரல் நீரும் நாம் காட்டும் வழியில் போகும். பீலி அடைபட்டால் அத்தனையும் சுவரின் அடியிலே கொட்டும்.

அடைபட்ட பீலி செய்யும் கேடுகள்

முதலாவது, சுவர். கம்பளைப் பகுதியில் பச்சைக் கல்லாலும் மண்ணாலும் கட்டிய சுவர்கள் இன்னும் இருக்கின்றன. கூரை நீர் நிலத்தில் விழுந்து தெறிக்கும்போது சுவரின் கீழ்ப்பகுதி ஊறிக் கரைகிறது. அத்திவாரத்து மண் அரிக்கப்பட்டு, கல் வெளியே தெரியத் தொடங்குகிறது. சீமெந்துச் சுவரிலும் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். பீலியில் தேங்கும் நீர் பின்பக்கமாக வழிந்தால் கைமரமும் ஓரப் பலகையும் உக்கிப்போகும்.

இரண்டாவது, சரிவு. நம் வீடுகள் பல, மேட்டை வெட்டிச் சமப்படுத்திய துண்டு நிலத்தில் நிற்கின்றன. வீட்டின் பின்னால் வெட்டிய மண் மதில். முன்னால் கொட்டி நிரப்பிய மண். நிரப்பிய மண் இளகியது. அதன்மேல் ஒவ்வொரு மழைக்கும் கூரை நீர் ஓரிடத்தில் விழுந்து ஊறினால் மண் கனத்து, பிடிப்பை இழந்து, வெடிக்கத் தொடங்கும்.

மூன்றாவது, நுளம்பு. சருகு அடைத்த பீலியில் தேங்கும் நீர் தெளிந்து நிற்கும். டெங்கு பரப்பும் நுளம்புக்கு அப்படிப்பட்ட இடமே விருப்பம். முட்டை நுளம்பாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் போதும். 2017ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். முற்றத்தில் கிடக்கும் சிரட்டையையும் டயரையும் அகற்றுகிறோம். தலைக்கு மேலிருக்கும் பீலியை யாரும் பார்ப்பதில்லை. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, தம் இடத்தில் நுளம்பு பெருகாமல் பார்த்துக்கொள்வது குடியிருப்பவரின் கடமை.

எப்போது செய்வது?

மழைக்கு முன்னால் செய்வதே முறை. ஆண்டுக்கு மூன்று பெரிய துப்புரவு வேண்டும்.

1. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி. வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வேலையோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை தொடங்குமுன் பீலி தயாராகிவிடும்.

2. புரட்டாசியில். ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பின்னேர இடிமழை வேகமானது. புயல் மழை வருவதும் பெரும்பாலும் நவம்பர், டிசெம்பரில்தான்.

3. தை மாதத்தில். மழை ஓய்ந்தபின் படிந்திருக்கும் சேற்றை எடுத்து, பழுதுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கீழே நின்றாவது பார்க்க வேண்டும். எந்த இடத்தில் நீர் வழிகிறது, குழாய் வாயில் நீர் குறைவாக வருகிறதா என்று கவனியுங்கள். வாரம் ஒருமுறை என்பதற்குக் காரணம் உண்டு: நுளம்பு முட்டை வளர்ந்து பறக்குமுன் நாம் முந்திக்கொள்ள வேண்டும்.

ஏணியில் ஏறுமுன்

பீலி துப்புரவில் பெரிய ஆபத்து விழுவதுதான். உழைக்கும் ஒருவர் காலை முறித்துக்கொண்டால் அந்தக் குடும்பம் மாதக்கணக்கில் தவிக்கும். ஆகவே பின்வருவனவற்றைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள்.

- தனியாக ஏறாதீர்கள். ஒருவர் கீழே ஏணியைப் பிடித்தபடி நிற்க வேண்டும்.
- ஏணி எட்டும் உயரம் 12 அடியானால் அதன் அடி சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்கட்டும். ஈர மண்ணில் ஏணிக்காலின் கீழ் பலகை வையுங்கள்.
- ஏணியைப் பீலியில் சாய்க்காதீர்கள். சுவரில் அல்லது உறுதியான மரத்தில் சாய்த்து, மேலே கயிற்றால் கட்டுங்கள்.
- குளவிக் கூடு உண்டா என்று முதலில் பாருங்கள். தேயிலை மலையில் குளவிக் கொட்டு என்ன செய்யும் என்பதை நாம் அறிவோம். கூடு இருந்தால் அன்று வேலையை நிறுத்திவிடுங்கள். பீலிக்குள் கை விடுமுன் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். பாம்பும் தேளும் சருகில் ஒதுங்கும்.
- மின்கம்பி அருகே உள்ள பக்கத்தில் இரும்பு ஏணியும் இரும்புக் கம்பியும் வேண்டாம்.
- அஸ்பெஸ்டஸ் தகட்டின்மேல் ஏறி நடக்காதீர்கள். பழைய தகடு திடீரென்று உடையும். அதைக் காய்ந்தபடி தேய்க்கவும் வேண்டாம்; அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. நீர் தெளித்து நனைத்தபின் துடைக்கலாம்.
- மழையிலும், மழை விட்ட உடனேயும் ஏறவேண்டாம்.

சுத்தம் செய்யும் முறை

பழைய சிறு கரண்டி அல்லது வளைத்த தகரத்துண்டு, வாளி, கயிறு, தேய்க்கும் தூரிகை, கையுறை ஆகியன போதும். கையுறை இல்லையென்றால் கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொள்ளலாம்.

நீர் இறங்கும் குழாயின் வாயை முதலில் ஒரு துணியால் அடையுங்கள். இல்லையென்றால் சருகு குழாய்க்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். குழாய் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கி மறுமுனை நோக்கிச் சருகையும் சேற்றையும் அள்ளி வாளியில் போடுங்கள். எட்டிப் பிடிக்க முயலாமல் ஏணியை அடிக்கடி நகர்த்துங்கள். அள்ளி முடிந்ததும் பீலியின் உட்பக்கத்தைத் தூரிகையால் நன்கு தேய்க்க வேண்டும். நுளம்பு முட்டைகள் ஓரங்களில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அடுத்த மழையில் பொரிக்கும். பின்பு துணியை எடுத்துவிட்டு, உயரமான முனையில் ஒரு வாளி நீர் ஊற்றுங்கள். நீர் தேங்கும் இடத்தையும் ஒழுகும் இடத்தையும் கரித்துண்டால் அடையாளமிடுங்கள்.

அள்ளிய சேற்றை வீசாதீர்கள். அது பாதி உக்கிய இலைதான். கூட்டெருக் குழியில் போட்டால் மரக்கறிப் பாத்திக்கு உதவும். அஸ்பெஸ்டஸ் கூரையிலிருந்து வந்த சேற்றை மட்டும் பாத்திக்குப் போடாமல், ஈரமாகவே ஆழக் குழியில் புதைத்துவிடுங்கள்.

பழுது பார்த்தலும் புதிதாகக் கட்டுதலும்

பீலிக்கு 10 அடி நீளத்துக்கு 1 அங்குலச் சரிவு இருக்க வேண்டும். தாங்கிகள் 2 அல்லது 3 அடிக்கு ஒன்று இருந்தால் பீலி தொய்யாது. தகரப் பீலியில் சிறு துளை விழுந்தால், துருவைச் சுரண்டிக் காயவைத்து, தார் பூசிய துணியை ஒட்டி மேலும் ஒருமுறை தார் பூசினால் சில பருவம் தாங்கும்.

புதிதாக வாங்க வசதியில்லாதோர் 4 அங்குல பி.வி.சி. குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்து இரு பீலிகளாக்கலாம். நாம் மேலே கணக்கிட்ட 28 சதுர மீற்றர்க் கூரைக்கு அந்த அளவு போதும். பிளந்த மூங்கிலும் கமுகும்கூடப் பயன்படும். ஆனால் அவை சில ஆண்டுகளில் உக்கும், மாற்ற வேண்டும். குழாயின் வாயில் கம்பி வலையை உருண்டையாக வளைத்து வைத்தால் சருகு உள்ளே போகாது. கூரைமேல் சாய்ந்த கிளைகளை வெட்டுங்கள். ஆனால் சரிவில் நிற்கும் மரத்தை அடியோடு வெட்டாதீர்கள். அதன் வேர்தான் உங்கள் மண்ணைப் பிடித்திருக்கிறது.

நீரை எங்கே விடுவது?

பாடத்தின் முக்கியமான பகுதி இதுதான். பீலியைச் சுத்தமாக்கி, நீரை வீட்டு மூலையில் கொட்டவிட்டால் பயனில்லை. குழாய் விழும் இடத்தில் கல் பதித்து, அங்கிருந்து கல் அல்லது சீமெந்து பதித்த கானில் நீரைப் பொதுக் கான்வரை கொண்டுபோக வேண்டும். சமவெளியில் செய்வதுபோல ஊறு குழி வெட்டி அதில் விடுவது சரிவு நிலத்துக்கு ஆகாது. அது மண்ணுக்குள் நீரை ஏற்றிவிடும். தேயிலை மலையில் கான் வெட்டிய கைகளுக்கு இந்த வேலை புதிதல்ல. மலையின் மண்ணைக் காக்க வெட்டிய கானை நம் வீட்டைக் காக்கவும் வெட்டுவோம்.

நம் கான் கீழ்வீட்டாரின் சுவரில் போய் முடியக்கூடாது. மேல்வீடு, கீழ்வீடு என்று அடுக்கடுக்காக இருக்கும் குடியிருப்பில் ஒரு வீட்டுக்காரர் மட்டும் கான் வெட்டினால் சண்டைதான் வரும். வரிசையிலுள்ள எல்லா வீட்டாரும் கூடி, ஒரே பொதுக் கானாக வெட்டுவதே வழி.

குழாய் நீர் எட்டாத வீடுகள் இந்த நீரைச் சேமிக்கலாம். 1990களின் நடுப்பகுதியில் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் 5000 லீற்றர் தொட்டிகள் கட்டி மழைநீர் சேமிக்கும் முறை பரப்பப்பட்டது. சேமிப்போர், முதல் மழையில் வரும் அழுக்கு நீரைத் தொட்டிக்குள் விடாது வெளியேற்ற வேண்டும். தொட்டியையும் பரலையும் நுளம்பு புகாதபடி மூட வேண்டும். குடிக்குமுன் கொதிக்க வைக்க வேண்டும்.

பீலியால் முடியாதது

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மகாவலி பெருகிக் கம்பளை நகருக்குள் வந்தது. கண்டி மாவட்ட மலைகளில் பல இடங்களில் மண் சரிந்தது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். அத்தகைய மழையை எந்தப் பீலியும் தடுக்காது. பீலியும் கானும் ஆண்டுதோறும் மெல்ல நடக்கும் அரிப்பைத் தடுக்கும், அவ்வளவுதான். நிலம் வெடிப்பது, மரமும் கம்பமும் சாய்வது, புதிதாக ஊற்று கிளம்புவது, ஊற்று நீர் கலங்குவது, கதவு யன்னல் இறுகுவது ஆகியவை சரிவின் அறிகுறிகள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவும், 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகவும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறவும் வேண்டும் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவகம் சொல்லிவரும் அளவு. அப்போது ஏணியைத் தேடாதீர்கள். பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். ஒருமுறை வீட்டை இழந்தவர்களுக்கு மறுபடியும் வீட்டை விட்டுப் போவது எவ்வளவு கடினம் என்பதை நாம் அறிவோம். ஆனாலும் வீட்டை மறுபடி கட்டலாம். போன உயிரை மீட்க முடியாது.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

1. நம் குடியிருப்பில் எத்தனை வீட்டுக்குப் பீலி உண்டு? அவற்றில் எத்தனை அடைபட்டிருக்கின்றன?
2. பெண் மட்டும் உழைக்கும் வீடுகளிலும், முதியோர் தனித்து வாழும் வீடுகளிலும் பீலியை யார் துப்புரவு செய்வார்கள்? இளைஞர்கள் சித்திரையில் ஒரு நாள் சிரமதானம் செய்ய முடியுமா?
3. ஆளுக்கொரு ஏணி வேண்டியதில்லை. சங்கத்துக்குப் பொதுவாக ஒரு நல்ல ஏணி வாங்க எவ்வளவு செலவாகும்?
4. லயத்தில் வாழ்வோர்: கூரையும் பீலியும் தோட்டத்துக்குச் சொந்தமானால் பழுதை யாரிடம், எப்படி எழுத்தில் முறையிடுவது?
5. நம் வீடுகளின் கூரை நீர் எல்லாம் கடைசியில் எங்கே போகிறது? எல்லோரும் சேர்ந்து ஒரு மழை நாளில் குடையோடு நடந்து பார்த்து, ஒரு தாளில் வரைந்து கொண்டுவாருங்கள்.