ஈரத்துணி வைத்தியம்

சித்திரை வெயிலில் திருமங்கலம் தாண்டியதும் வண்டி இரண்டு தடவை திக்கி, அப்படியே நின்றுவிடும். செல்ஃப் அடிக்கும், பிடிக்காது. டீக்கடையிலிருந்து ஒருவர் எழுந்து வருவார். "பானெட்டைத் தூக்குங்கண்ணே. பம்ப் மேல ஈரத்துணியப் போடுங்க, சரியாயிரும்." இருபது நிமிஷத்தில் சரியாகியும் விடும். இந்த நம்பிக்கைக்குச் சாவே இல்லாததற்கு அதுதான் காரணம்.

நம்பிக்கை: வெயிலில் பெட்ரோல் கொதிக்குது, துணி போட்டா போதும்.

அம்பாசடருக்கும் பிரிமியர் பத்மினிக்கும் கார்புரேட்டர் காலத்து மாருதி 800-க்கும் இது சரியான வைத்தியமே. அவற்றில் பம்ப் இன்ஜினோடு ஒட்டியிருக்கும். பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும். பெட்ரோலின் லேசான பகுதி 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும். உறிஞ்சும் குழாயில் அழுத்தமும் குறைவு என்பதால் அது இன்னும் சுலபம். ஆவி புகுந்த பம்ப் சும்மா அடித்துக்கொண்டிருக்கும், பெட்ரோல் ஏறாது. குளிர்ந்தால் ஏறும்.

2000-ஐ ஒட்டி, கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த எம்பிஎஃப்ஐ கார்கள் பெருகின. அவற்றின் பம்ப் பெரும்பாலும் பின்சீட்டுக்கு அடியில், டேங்குக்குள், பெட்ரோலில் முங்கிக் கிடக்கிறது. உறிஞ்சுவதில்லை, சுமார் 3 பார் அழுத்தத்தில் முன்பக்கம் தள்ளுகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும், குக்கர் கதைதான். பானெட்டைத் திறந்து எதன்மேல் துணி போடுவது? அந்த இருபது நிமிஷத்தில் சூடேறிய பம்ப் மோட்டாரோ, அதற்குக் கரண்ட் விடும் ரிலேயோ தானாக ஆறியிருக்கும். பேர் மட்டும் துணிக்குப் போகிறது.

நம்பிக்கை: டேங்கைத் தட்டினா ஓடுது, அப்ப பம்ப் நல்லாத்தான் இருக்கு.

நேர்மாறு. மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்து, கரண்ட் தொடாத இடத்தில் நின்றிருக்கிறது, தட்டியதும் தொட்டுக்கொண்டது. அடுத்த தடவை நத்தம் ரோட்டில் ராத்திரியில் நிற்கும்.

நம்பிக்கை: ரிசர்வ் பல்ப் எரிஞ்சாலும் ஊர் போய்ச் சேர்ந்துரலாம்.

சேரலாம். ஆனால் பம்ப் மோட்டாரைக் குளிர வைப்பது அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். கோடையில் கால் டேங்குக்குக் கீழே விடாதீர்கள்.

நம்பிக்கை: நின்னு நின்னு போனா பம்ப்பை மாத்திரு.

காசு கரைவது இங்கேதான். நானே புது பம்ப் போட்டு, மறுவாரம் அதே ரோட்டில் நின்றிருக்கிறேன். ரிலேக்குள் சால்ட்ரிங் விரிசல் விட்டிருந்தது. சூட்டில் விலகும், ஆறினால் சேரும். பட்டறைக்குக் கொண்டுபோகும்போது வண்டி சமர்த்தாக ஓடும், பாவம் மெக்கானிக் எதைப் பார்ப்பார்? நின்ற இடத்திலேயே, நின்ற நிமிஷத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

முதலில் பெட்ரோல் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்து, அதன்பின் வண்டி பிடித்தால் டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது, செலவு மிச்சம். இல்லையென்றால் ஒருவர் சாவியை ஆன் செய்ய, இன்னொருவர் பின்சீட்டில் காதை வைக்கட்டும். பம்ப் இரண்டு விநாடி 'ம்ம்' என்று ஓடி நிற்க வேண்டும். சத்தம் கேட்டும் வண்டி பிடிக்காவிட்டால் பம்ப்பை விட்டுவிட்டு, இன்ஜின் சுழல்வதை அறியும் கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். அதுவும் சூட்டில் படுத்து, ஆறியதும் எழுந்துவிடும் ஜாதி.

சத்தமே இல்லையா? ஃபியூஸ் பார்த்துவிட்டு, பம்ப்பில் வோல்டேஜ் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு அளந்தால் துருப்பிடித்த வயரும் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். பிளக் மாட்டியபடியே, அந்த இரண்டு விநாடிக்குள் அளக்கணும். எர்த்தும் சரி, கரண்ட்டும் முழுசாக வருகிறது, பம்ப் மட்டும் பேசவில்லை என்றால்தான் பம்ப் போச்சு.

மீட்டர் கையில் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: பல வண்டிகளில் ஹாரன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே வகை. மாற்றிப் போட்டுப் பாருங்கள். வண்டி கிளம்பிவிட்டால் ரிலேதான் கோளாறு. என்ன, ஹாரன் இல்லாமல் பெரியார் பஸ் ஸ்டாண்டைத் தாண்ட வேண்டியிருக்கும்.