எப்படிச் சாக வேண்டும் என்று பாடியவர்கள்: ஒப்பிட வரும் இளையோருக்கு

தமக்குச் சாவு எப்படி வர வேண்டும் என்று கவிஞர்கள் பாடி வைத்ததை ஒப்பிட்டு எழுத முனையும் பிள்ளைகளுக்கு, நெடுங்காலமாக அவற்றைப் படித்துவரும் கிழவன் சொல்வது இது.

1. யாரிடம் கேட்கிறார் என்று முதலில் பாருங்கள். பெரியாழ்வார் அரங்கனிடம் கேட்கிறார். திருமொழியில் நான்காம் பத்தின் கடைசிப் பதிகம் முழுக்க ஒரே வேண்டுதல்தான்: கடைசி நேரத்தில் உடம்பு தளர்ந்து உன்னை நினைக்க முடியாமல் போகும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், நீ என்னைக் காக்க வேண்டும். சாகக் கிடப்பவர்களை அருகிலிருந்து பார்த்தவரின் குரல் அது. அவர் சாவுக்கு அழகு கேட்கவில்லை. தம் நினைவை நம்பாமல், அவன் நினைவை நம்புகிறார்.

2. கவிஞர் செத்த விதத்தைக் கொண்டு பாட்டைப் படிக்காதீர்கள். கியூபாவின் ஹோசே மார்த்தி, சூரியனைப் பார்த்தபடி சாக வேண்டும் என்று 1891இல் வெளிவந்த தொகுப்பில் எழுதினார். 1895 மே 19இல் தோஸ் ரியோஸில் ஸ்பானியப் படையுடன் நடந்த சண்டையில் குண்டடிபட்டு இறந்தார். அன்றிலிருந்து பலரும் அதைப் போர்க்களப் பாட்டாகவே படிக்கிறார்கள். பாட்டில் களமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. இயற்கையின் வாசல் வழியே, பச்சை இலைகள் பரப்பிய வண்டியில் போக வேண்டும், துரோகியைப்போல இருட்டில் கிடத்தப்படக் கூடாது என்கிறார், அவ்வளவுதான். அந்த மென்மை வீரக் கதைக்கு அடியில் புதைந்துபோனது எனக்கு இன்றும் வருத்தம்.

ஜப்பானியத் துறவி சைகியோவுக்கும் இதே கதிதான். வசந்தத்தில், செர்ரிப் பூக்களின் அடியில், இரண்டாம் மாதப் பௌர்ணமியை ஒட்டிச் சாக வேண்டும் என்று முன்பே பாடியிருந்தார். 1190இல் அந்த மாதம் 16ஆம் நாள் இறந்தார். எல்லோரும் அந்தப் பொருத்தத்தைத்தான் வியக்கிறார்கள். இரண்டாம் மாதம் 15ஆம் நாள் புத்தர் பரிநிர்வாணம் அடைந்த நாள் என்பதை விட்டுவிட்டால், உங்கள் கையில் பூ மட்டும்தான் மிஞ்சும்.

3. யாருடைய சாவு என்று கேளுங்கள். டிலன் தாமஸின் புகழ்பெற்ற கவிதை தந்தையின் சாவைப் பற்றியது. போராடிச் சாக வேண்டும் என்பது மகனின் விருப்பம். அப்பா என்ன விரும்பினார் என்று அதில் இல்லை. இதைத் தன் சாவைப் பற்றிய பாட்டோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

4. தன் ஆசை எது, காலம் ஊட்டிய ஆசை எது என்று பிரித்துப் பாருங்கள். நோயில் இறந்த அரசரைத் தருப்பையில் கிடத்தி வாளால் கீறி அடக்கம் செய்யும் வழக்கத்தை ஔவையார் புறநானூற்று 93ஆம் பாட்டில் சொல்கிறார். போரில் புண்பட்ட அதியமானுக்கு நோயில் சாகும் குறை இல்லை என்பதே பாராட்டு. அந்தச் சமூகமே அப்படிச் சாகச் சொல்லிக் கொடுத்தது.

5. கோப்பெருஞ்சோழனிடம் நெடுநேரம் தங்குங்கள். தன் மகன்களோடு பகை மூண்டு, வடக்கிருக்க, அதாவது வடக்கு நோக்கி உண்ணாதிருந்து உயிர்விடத் துணிந்தவன், இடம், காலம் எதையும் பெரிதாகக் கேட்கவில்லை. பாண்டி நாட்டுப் பிசிராந்தையார் வருவார், அவருக்கும் பக்கத்தில் இடம் வையுங்கள் என்கிறான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. சுற்றியிருந்த சான்றோர் ஐயப்பட்டார்கள். ஆந்தையார் வந்தார். உடனிருந்த பொத்தியாரையோ, மனைவி கருவுற்றிருக்கிறாள், பிள்ளை பிறந்தபின் வா என்று திருப்பி அனுப்பினான். பிறகு பொத்தியார் வந்து நின்றது நடுகல்லின் முன்னால். எனக்கான இடம் எது என்று அந்தக் கல்லிடம் கேட்கிறார். சாகப்போகும் நேரத்தில் பிறக்கப்போகும் பிள்ளையை நினைத்த அரசனை வேறெந்தப் பாட்டிலும் நான் கண்டதில்லை. நான் படித்தவற்றுள் இதுவே தலையாயது.

6. ஆகவே, புறநானூற்றில் 214 முதல் 223 வரை ஒரே அமர்வில், வாய்விட்டுப் படியுங்கள். அதன்பின் சைகியோவிடமும் மார்த்தியிடமும் போங்கள்.