ரூட்டரைத் தொடாதே, வழியைப் போடு

அன்புள்ள யாழினிக்கு,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. வேலையில் சேர்ந்த புதிதிலேயே கனமானதைத்தான் உன் தலையில் கட்டியிருக்கிறார்கள். உங்கள் கிளவுட் தளத்தில் புதிதாக ஒரு ஹைப்பர்வைசரைச் சேர்த்தாயிற்று. அதில் விஎம் எழுகிறது, அணைகிறது. ஆனால் விர்ச்சுவல் ரூட்டர் இன்னும் ஓடவில்லை, அதை நீ ஓட்டிக்காட்ட வேண்டும். எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். ரூட்டிங் பற்றித் தடிமனான புத்தகம் ஒன்று வாங்கியதாகவும் எழுதியிருக்கிறாய். அது இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும். இந்த வேலைக்கு அது அதிகம் பயன்படாது.

ஏன் என்பதை ஏற்கெனவே நடந்து முடிந்த ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன். அப்பாச்சி கிளவுட்ஸ்டாக் உனக்குத் தெரியும். 2008-இல் விஎம்ஆப்ஸ் என்ற பெயரில் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனத்தின் மென்பொருள் அது. நிறுவனம் பிறகு கிளவுட்.காம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2011-இல் சிட்ரிக்ஸ் அதை வாங்கியது. 2012-இல் மென்பொருளை அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. ஜென்சர்வர், கேவிஎம், விஎம்வேர் மூன்றிலும் அதன் ரூட்டர் முன்பே ஓடிக்கொண்டிருந்தது. 2014 மார்ச்சில் வந்த 4.3 பதிப்பில் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி சேர்ந்தது. டெபியன் லினக்ஸில் வளர்ந்த ரூட்டர் ஒன்றை விண்டோஸ் சர்வருக்குள் ஓடவைத்த வேலை அது. உன் வேலைக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

முதலில் அந்த ரூட்டருக்குள் என்ன இருக்கிறது என்று பார். பெரிதாக ஒன்றும் இல்லை. சின்ன டெபியன் விஎம் ஒன்று. அதற்குள் டிஎச்சிபி, டிஎன்எஸ் இரண்டுக்கும் டிஎன்எஸ்மாஸ்க். நாட், ஃபயர்வால், போர்ட் ஃபார்வர்டிங் எல்லாவற்றுக்கும் ஐபிடேபிள்ஸ். சுமை பகிர்வுக்கு எச்ஏபிராக்ஸி. விஎம்களுக்கு அவற்றின் மெட்டாடேட்டாவைத் தர ஒரு வெப் சர்வர். புது கடவுச்சொல்லை ஒப்படைக்க ஒரு குட்டிச் சேவை. நீ நான்கு வருடம் ஹாஸ்டலில் இருந்தவள், வார்டன் என்றால் சட்டென்று புரியும். வந்தவருக்கு அறை எண் தருவது, யார் எந்த அறை என்று கேட்டால் சொல்வது, வெளியே போகும் கடிதத்தில் ஹாஸ்டல் முகவரியைப் போடுவது, வாசலில் நிற்கும் விருந்தாளியைச் சரியான அறைக்கு அனுப்புவது என்று எல்லாமே அவர் பொறுப்பு. ஒரு வாடிக்கையாளரின் தனி நெட்வொர்க்குக்கு இந்த ரூட்டர் செய்வதும் அதுதான்.

இதில் எந்த ஒன்றுக்கும் தான் ஓடுவது கேவிஎம்மிலா ஹைப்பர்-வி-யிலா என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஐபிடேபிள்ஸ் விதி எங்கே எழுதினாலும் ஒன்றுதான். ஆகவே நீ ரூட்டர் எழுதப் போவதில்லை. எழுதி முடித்த ரூட்டருக்கு உன் ஹைப்பர்வைசரில் மூன்று வழி போட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கு நெட்வொர்க் அட்டைகளைப் பூட்டும் வழி ஒன்று. பிறந்தவுடன் அது யார் என்று அதனிடம் சொல்லும் வழி இன்னொன்று. பிறகு வாழ்நாள் முழுக்கக் கட்டளை அனுப்பும் வழி மூன்றாவது. இந்த மூன்றும்தான் ஹைப்பர்வைசருக்கு ஹைப்பர்வைசர் மாறுபவை.

மூன்றாவதை முதலில் செய். கட்டளை போகாத ரூட்டரில் வேறு எதையும் சோதிக்க முடியாது.

கேவிஎம்மிலும் ஜென்சர்வரிலும் ரூட்டரின் ஓர் அட்டை 169.254 என்று தொடங்கும் லிங்க்-லோக்கல் முகவரியோடு ஹோஸ்டுடன் மட்டும் பேசும். அந்த முகவரி ஹோஸ்டைத் தாண்டி வெளியே தெரியாது. மேலாண்மை சர்வர் ஹோஸ்டிடம் சொல்லும். ஹோஸ்ட் எஸ்எஸ்எச் வழியாக ரூட்டரின் 3922-ஆம் போர்ட்டில் நுழைந்து ஸ்கிரிப்டை ஓட்டும். அழகான ஏற்பாடு. முகவரி வீணாவதில்லை, ரூட்டரின் கட்டுப்பாட்டு வாசல் வெளி நெட்வொர்க்குக்குத் திறந்திருப்பதும் இல்லை. விஎம்வேரில் இது எடுபடாது. ஹோஸ்டுக்குள் நம் ஏஜென்ட்டை உட்காரவைக்க அங்கே இடம் கிடையாது. அதனால் ரூட்டருக்கு மேலாண்மை நெட்வொர்க்கிலேயே ஒரு முகவரி கொடுத்து, மேலாண்மை சர்வரே நேராக எஸ்எஸ்எச் போடுகிறது. ஹைப்பர்-வி ஹோஸ்டில் சி ஷார்ப்பில் எழுதிய ஏஜென்ட் ஒன்று விண்டோஸ் சேவையாக ஓடியது, விஎம்களை உருவாக்க டபிள்யூஎம்ஐ வழியாக ஹைப்பர்-வி-யிடம் பேசியது. ஆனாலும் ரூட்டர் கட்டளைக்கு அவர்கள் எடுத்தது விஎம்வேர் வழியைத்தான். 2014-இன் விண்டோஸ் ஹோஸ்டில் எஸ்எஸ்எச் கூடவே வரவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் அது நியாயமான முடிவுதான். விலை என்ன என்றால், ஒவ்வொரு ரூட்டரும் மேலாண்மை நெட்வொர்க்கில் ஒரு முகவரியைத் தின்னும். ஆயிரம் வாடிக்கையாளர் நெட்வொர்க் என்றால் ஆயிரம் முகவரி. முகவரி வரம்பைத் திட்டமிடுகிறவரிடம் இதை முதல் வாரமே சொல்லிவிடு.

அடுத்தது அடையாளம். ரூட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே டெம்ப்ளேட் வட்டு. அதிலிருந்து எழும் ஒரு விஎம், தன் பெயர் என்ன, எந்த அட்டைக்கு எந்த ஐபி, கேட்வே எது, டிஎன்எஸ் எது, தான் ரூட்டரா வேறு சிஸ்டம் விஎம்மா என்பதையெல்லாம் யாரிடம் கேட்கும்? நெட்வொர்க் வழியாகக் கேட்க முடியாது. நெட்வொர்க்கைத் தருவதே அதுதான். ஹைப்பர்வைசரே காதோடு சொல்ல வேண்டும். ஜென்னில் கெர்னலின் துவக்க வரியில் எழுதிவிடலாம். கேவிஎம்மில் விர்டியோ சீரியல் சேனல் ஒன்றைத் திறந்து அதில் தள்ளினார்கள். பிற்பாடு கியூஇஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட்டுக்கு மாறினார்கள். ஹைப்பர்-வி-யில் இதற்குப் பயன்பட்டது கேவிபி என்ற ஏற்பாடு. ஹோஸ்ட் ஒரு சாவியையும் ஒரு மதிப்பையும் எழுதும். லினக்ஸ் விஎம்முக்குள் ஓடும் ஒரு டீமன் அதை வாங்கிக் கோப்பில் போடும். துவக்க ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பைப் படித்துக்கொள்ளும்.

கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? இரண்டு பள்ளம் இருக்கிறது. ஒரு மதிப்புக்கு 2,048 பைட்தான் இடம். எழுத்துக்கு இரண்டு பைட் போனால் 1,024 எழுத்து. ரூட்டருக்குச் சொல்ல வேண்டியது வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டேதான் போகும், ஆகவே அளவை இப்போதே எண்ணிப் பார். இன்னொன்று நேரம். துவக்க ஸ்கிரிப்ட் அந்த டீமனுக்கு முன்னால் ஓடிவிட்டால் கோப்பு காலி. ரூட்டர் தான் யாரென்று தெரியாமல் எழுந்து நிற்கும். பத்துத் தடவைக்கு ஒரு தடவை மட்டும் நடக்கும் கோளாறு என்றால் பெரும்பாலும் இந்த வகைதான். சில நொடி தூங்கவைத்துச் சமாளிப்பார்கள் பலர். நீ அப்படிச் செய்யாதே. கோப்பில் உள்ளடக்கம் வந்துவிட்டதா என்று பார்த்துக் காத்திரு. குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் சத்தமாகத் தோற்றுப் போ.

அட்டைகள்தான் அதிகம் படுத்தும். கிளவுட்ஸ்டாக்கின் தனி நெட்வொர்க் ரூட்டருக்கு வழக்கமாக மூன்று அட்டை: ஈத்0 வாடிக்கையாளர் பக்கம், ஈத்1 கட்டுப்பாடு, ஈத்2 வெளி இணையம். கேவிஎம்மில் வாடிக்கையாளர் பக்கத்தைப் பிரிக்க, ஹோஸ்டின் அட்டைமேல் விலேன் எண்ணுக்கு ஒரு துணை இடைமுகம், அதற்கு ஒரு பிரிட்ஜ், அதில் விஎம் அட்டையைச் செருகுவது என்று போகும். ஹைப்பர்-வி-யில் பிரிட்ஜ் பேச்சே இல்லை; ஒரே விர்ச்சுவல் சுவிட்ச், விலேன் எண்ணை ஒவ்வொரு அட்டையிலும் தனித்தனியே குறித்தால் போதும். என் கண்ணுக்கு இது கேவிஎம் முறையைவிடச் சுத்தமாகத் தெரிகிறது.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது அட்டை சேர்ப்பது என்று வந்தால் கதை தலைகீழ். வாடிக்கையாளர் வேறொரு விலேனிலிருந்து புது வெளி ஐபி வாங்கினாலோ, பல அடுக்கு கொண்ட தனி நெட்வொர்க்கான விபிசி-யில் புதிதாக ஓர் அடுக்கு சேர்த்தாலோ, ரூட்டருக்கு உடனே இன்னோர் அட்டை வேண்டும். கேவிஎம்மில் லிப்விர்ட்டிடம் சொன்னால் ஓடும்போதே செருகிவிடும். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 காலத்து ஹைப்பர்-வி அதற்கு மறுத்தது. அந்த வசதி 2016 பதிப்பில்தான் வந்தது, அதுவும் இரண்டாம் தலைமுறை விஎம்களுக்கு. அப்படியானால் என்ன வழி? ரூட்டரை உருவாக்கும்போதே உபரி அட்டைகளைப் பூட்டி, எதிலும் இணைக்காமல் வைத்திருப்பது. தேவைப்படும்போது ஒன்றை எடுத்துச் சுவிட்சில் இணைத்து விலேன் எண்ணை எழுதுவது. அந்தக் காலத்து ஹைப்பர்-வி-யில் ஒரு விஎம்முக்கு வேகமான செயற்கை அட்டை 8 வரைதான். கட்டுப்பாட்டுக்கு ஒன்று, வெளி இணையத்துக்கு ஒன்று போனால் அடுக்குகளுக்கு 6 மிஞ்சும். இந்த வரம்பை ஆவணத்தில் எழுதிவை. இல்லாவிட்டால் ஏழாவது அடுக்கைக் கேட்கும் வாடிக்கையாளர் வந்து உனக்கு அதைச் சொல்லுவார்.

ஒரே அட்டையை டிரங்க் முறையில் விட்டு, விலேன் பிரிப்பதை ரூட்டருக்குள்ளேயே செய்யலாமே என்று உன் குழுவில் யாராவது கேட்பார்கள். செய்யலாம். நான் செய்ய மாட்டேன். ஹைப்பர்வைசரின் குறையை மறைக்க ரூட்டருக்கு விலேன் கற்றுக்கொடுத்தால், பிறகு ரூட்டர் இரண்டு ரகமாகிவிடும், ஒவ்வொரு திருத்தமும் இரண்டு தடவை.

அட்டை பூட்டியதும் இன்னொரு கேள்வி வரும். மேலாண்மை சர்வர் பேசுவது மேக் முகவரியிலும் விலேனிலும். ரூட்டருக்குள் இருப்பது ஈத்3, ஈத்4. இரண்டையும் யார் பொருத்துவது? நீ பூட்டிய வரிசையில்தான் லினக்ஸ் எண் போடும் என்று நம்பாதே. ரூட்டருக்குள் போய், இந்த மேக் எந்த ஈத் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு ஐபி-யை எழுது. இதில் ஓர் எண் தவறினாலும் வெளி முகவரி வாடிக்கையாளரின் உள் நெட்வொர்க்கில் போய் உட்காரும்.

டிரைவரையும் மறக்காதே. மைக்ரோசாஃப்ட் 2009 ஜூலையில் ஹைப்பர்-வி டிரைவர்களின் சுமார் 20,000 வரி மூல நிரலை லினக்ஸ் கெர்னலுக்குக் கொடுத்தது. ரூட்டர் டெம்ப்ளேட்டில் உள்ள கெர்னலில் அந்த டிரைவர்கள் இல்லாவிட்டால் செயற்கை அட்டை கண்ணுக்கே தெரியாது. பழைய 100 மெகாபிட் அட்டையைப் போலி செய்யும் லெகஸி அட்டையோடு காலம் தள்ள வேண்டியதுதான்.

சுவிட்ச் தரும் பாதுகாப்பு வசதிகளையும் ஒரு கண் பார்த்துக்கொள். டிஎச்சிபி கார்டு என்று ஹைப்பர்-வி-யில் ஒன்று உண்டு. ஒரு விஎம் தானாக டிஎச்சிபி சர்வர் வேலை பார்ப்பதைத் தடுக்கும். வாடிக்கையாளர் விஎம்களில் போட வேண்டியது, ரூட்டரில் போடவே கூடாதது. மேக் ஸ்பூஃபிங் அனுமதி இயல்பில் மூடியிருக்கும். இரட்டை ரூட்டர் வைத்து ஒன்று விழுந்தால் இன்னொன்று எழும் ஏற்பாட்டில் மேக் முகவரி கைமாறுவதாக இருந்தால், அந்தப் பூட்டு உன் மாற்று ரூட்டரின் வாயைச் சத்தமில்லாமல் அடைத்துவிடும்.

சோதனைக்கு வருகிறேன். டிஎச்சிபி வேலை செய்யவில்லை என்றால் எல்லாரும் டிஎன்எஸ்மாஸ்க் பதிவைத்தான் முதலில் நோண்டுவார்கள். நீ டிசிபிடம்பை மூன்று இடத்தில் வை: விஎம்மின் அட்டை, ஹோஸ்டின் சுவிட்ச் அல்லது பிரிட்ஜ், ரூட்டரின் ஈத்0. கேள்வி எங்கே வரை போனது, பதில் எங்கே வரை வந்தது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கேவிஎம்மில் ஒரு புகழ்பெற்ற மர்மம் உண்டு: கேள்வி போகிறது, பதில் விஎம்மின் அட்டை வரை வருகிறது, ஆனாலும் பழைய லினக்ஸ் விஎம் ஐபி-யை ஏற்க மறுக்கிறது. செக்சம் போடும் வேலையை அட்டை பார்த்துக்கொள்ளும் என்று ரூட்டரின் கெர்னல் விட்டுவிடும். இடையில் உண்மையான அட்டையே இல்லாததால் யாரும் போடமாட்டார்கள். பழைய டிஎச்சிபி கிளையண்ட் அந்தப் பாக்கெட்டைக் கெட்டது என்று தூக்கி எறியும். 68-ஆம் போர்ட்டுக்குப் போகும் யுடிபி பாக்கெட்டுக்குச் செக்சம் நிரப்பச் சொல்லும் ஒரே ஒரு ஐபிடேபிள்ஸ் விதிதான் மருந்து. கிளவுட்ஸ்டாக் ரூட்டரில் அந்த வரி இருக்கிறது, தேடிப் பார்.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. ரூட்டர் செத்தால் அழ வேண்டாம். உண்மை எல்லாம் மேலாண்மை சர்வரின் தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. ரூட்டர் மறுபடி எழும்போது சர்வர் எல்லா விதியையும் திரும்ப அனுப்பும். அதனால் ஒரே கட்டளை இரண்டு தடவை வந்தாலும் முடிவு மாறாதபடி உன் ஸ்கிரிப்ட் இருந்தாக வேண்டும். ஒரு காலத்தில் ஒவ்வொரு விதிக்கும் ஓர் எஸ்எஸ்எச் என்று போனதால், நூற்றுக்கணக்கான விஎம் உள்ள நெட்வொர்க்கில் ரூட்டர் எழுந்து வர நேரம் பிடித்தது. பிறகு கட்டளைகளைத் தொகுத்து ஒரே மூச்சில் அனுப்பினார்கள். அந்தச் சீரமைப்பில் ஹைப்பர்வைசர் பக்கம் எழுத வேண்டியது நான்கே செயல்களாகச் சுருங்கியது: ரூட்டருக்குள் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டு, ஒரு கோப்பை வை, கட்டளைக்கு முன் தயார் செய், பின் சுத்தம் செய். மற்றதெல்லாம் எல்லோருக்கும் பொதுவான நிரல். உன் தளத்தில் அப்படி ஓர் எல்லைக்கோடு இல்லை என்றால், புது ஹைப்பர்வைசருக்கு ஒரு வரி எழுதுவதற்கு முன் அந்தக் கோட்டைப் போடு. மேலாளர் நாள் தரமாட்டேன் என்பார். சண்டை போட்டாவது வாங்கு.

திங்கட்கிழமை உட்கார்ந்ததும் உன் ஹைப்பர்வைசரின் கையேட்டில் மூன்று கேள்விக்கு விடை தேடு: ஓடும் விஎம்மில் அட்டை சேர்க்க முடியுமா, நெட்வொர்க் இல்லாத விஎம்முக்குள் ஒரு சரத்தை அனுப்ப முடியுமா, ஹோஸ்டிலிருந்து விஎம்முக்குத் தனி வழி உண்டா. விடைகளை எனக்கு எழுது. நிரல் எழுதுவதைப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
சித்தப்பா